உப்புச் சாக்கில் வந்த அத்திக் குச்சிகள்

நீங்கள் நாலு பேரும் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். நட்ட குச்சி வேர் விட்டதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிடுங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று உங்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்புக்குச் சொன்ன மாதிரி இருந்தாலும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். கொட்டகையில் மண் கிளறிக் கிடந்த பாக்கெட்டுகளை நானும் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வாரம் ஒருமுறை நர்சரிக்குள் வந்து எட்டிப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு இருக்கிறது, அதனால் என் கண்ணில் படாமல் தப்பிக்க முடியாது.

மண் கலவை, நிழல்வலை, தண்ணீர் விடும் நேரம் எல்லாம் சுவரில் போர்டு எழுதி மாட்டியிருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள், அதற்கு நான் தேவையில்லை. போர்டில் எழுத முடியாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த வேலையில் எனக்கு இன்றுவரை பழகாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரு குச்சியை மரத்திலிருந்து வெட்டுகிறோம். வேர் கிடையாது, இலை கிடையாது. நியாயமாகப் பார்த்தால் அது விறகு. அதை ஈர மணலில் சொருகி நிழலில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குகிறோம். அந்த இருட்டுக்குள் அது தன் கால் எது தலை எது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டு, ஒருநாளும் மண்ணைத் தொட்டிராத இடத்திலிருந்து வேரை உண்டாக்குகிறது. விதை போட்டு வருகிற செடியாவது மரத்தின் பிள்ளை. இது பிள்ளைகூட இல்லை, அந்த மரமேதான் இன்னொரு இடத்தில் எழுந்து நிற்கிறது. நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. சிரிக்காதீர்கள், கொஞ்ச நாள் போனால் உங்களுக்கும் சிலிர்க்கும்.

நான் இங்கே வேலையில் இருந்தபோது செலின் என்று ஒரு அம்மா வந்தார். மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டிய தெருவில் இருந்தவர், கல்யாணமான நாளிலிருந்து உப்பு வாரியவர். அவருடைய கணவரும் கணவரின் தம்பி தாமஸும் ஒரே வீட்டில், ஒரே வாசலில் இருந்தார்கள். பிறகு பாகப்பிரிவினை வந்தது. பங்குச் சாமியார் சொல்லியும் கேட்காமல், ஊர்ப் பெரியவர்கள் சொல்லியும் கேட்காமல், கடைசியில் எப்படியோ முடிந்தது. பழைய வீடும் மனையும் தாமஸுக்கு. பெருமுக்கல் போகிற வழியில் இருந்த மேட்டு நிலம் அண்ணனுக்கு. அதோடு அண்ணன் தம்பியிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அந்த மனையில் ஒரு சீமை அத்தி நின்றது. உப்புக் காற்றும் உப்பு ஊற்றும் உள்ள தரையில் அது பிழைத்ததே ஆச்சரியம். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. தெருக்குழாயில் பிடித்த தண்ணீரில் அரிசி களைந்து, அந்தக் கழனித் தண்ணீரைச் செலின் வருஷக்கணக்காக அந்த மரத்துக்கு ஊற்றியிருக்கிறார். பழம் எப்படி இருக்கும் என்று நான் கேட்டபோது, உலர்த்தி வைத்திருந்ததில் இரண்டை டிபன் பாக்ஸில் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவு தித்திப்பான அத்திப்பழத்தை நான் அதற்கு முன் தின்றதில்லை.

தாமஸ் அங்கே வீடு கட்டப்போகிறார், அஸ்திவாரம் மரத்தின் மேல்தான் போகிறது. செலின் என்னைத் தேடி வந்தது அதற்காகத்தான்.

"பங்குல எனக்கு அது வேணும் இது வேணும்னு ஒரு வார்த்தை கேக்கல மேடம். அந்த மரத்த மட்டும் எப்படியாவது எனக்கு எடுத்து குடுங்க" என்றார்.

மாசி மாதம். சீமை அத்தி இலையை உதிர்த்துவிட்டு, மொட்டு முனையில் பச்சை காட்டத் தொடங்குகிற சமயம். குச்சி எடுக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. திங்கட்கிழமை நானே வந்து வெட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். தாமஸுக்கும் போன் பண்ணிச் சொன்னேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அண்ணி கேட்டாங்கன்னா எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கச் சொல்லுங்க என்றார்.

திங்கட்கிழமை நான் நர்சரிக்கு வந்தபோது கேட் வாசலில் தாமஸ் நின்றுகொண்டிருந்தார். வண்டியின் பின்னால் ஒரு சாக்கு மூட்டை, அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஜேசிபிக்காரன் சொன்ன நாளுக்கு முன்பே, சனிக்கிழமையே வந்துவிட்டானாம். இன்றைக்கு விட்டால் இன்னும் ஒரு மாதம் ஆகும் என்றானாம். மரத்தைத் தள்ளுவதற்கு முன்னால் தாமஸே ஏறி, நல்ல கிளையாகப் பார்த்து வெட்டி, குச்சி குச்சியாக நறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார்.

"காஞ்சிடக்கூடாதுன்னு நனைச்ச சாக்குல சுத்தி, ரெண்டு நாளும் தண்ணி தெளிச்சிட்டே இருந்தேன் மேடம். ஒரு குச்சி கூட வாடல, பாருங்க."

அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. நான் மூட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலை நாக்கில் வைத்தேன். கரித்தது.

அது உப்புச் சாக்கு. அந்தத் தெருவில் சாக்கு என்றாலே உப்புச் சாக்குதான். வாசலில் கால் துடைக்க, குளிக்கிற இடத்துக்கு மறைப்பாகக் கட்ட, ஆட்டுக்குட்டிக்கு விரிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். காலிச் சாக்கில் உப்பு இருக்கிறது என்று அவர்களுக்குத் தோன்றவே தோன்றாது, அவ்வளவு பழக்கம். இழைக்குள் ஒட்டிக்கிடந்த உப்பெல்லாம் அவர் தெளித்த தண்ணீரில் கரைந்து, வெட்டுவாய் வழியாகக் குச்சிக்குள் இறங்கியிருக்கிறது. உப்பளம் இல்லாத திண்டிவனத்துக்காரர் யாராவது வெட்டியிருந்தால் பழைய பேப்பரில் சுற்றி நிழலில் போட்டிருப்பார், ஒன்றும் ஆகியிருக்காது. இவர் ரொம்ப அக்கறை எடுத்துக்கொண்டதில் வந்த வினை.

சொல்லாமல் இருக்க முடியாது, சொன்னேன். அவர் வண்டி சீட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"அண்ணி நம்ப மாட்டாங்க மேடம்" என்றார். "வேணும்னே உப்புல ஊற வெச்சு குடுத்துட்டான்னுதான் நினைப்பாங்க. எங்க அண்ணன் அதுக்கப்புறம் என் சாவுக்குக் கூட வர மாட்டாரு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது, என் கையில் இருப்பது வெறும் குச்சிக் கட்டு இல்லை என்று. இது பட்டுப்போனால் இரண்டு குடும்பத்துக்கு நடுவில் இருக்கிற கடைசி நூலும் அறுந்துவிடும். அண்ணியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று அவர் கெஞ்சினார். நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவங்களா கேட்டா உண்மையைச் சொல்வேன், கேக்கலன்னா நானா வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். நம் வேலையில் குச்சியோடு சேர்த்து ஆளும் வருவார்கள். அவர்களிடம் எதைச் சொல்வது, எதை எப்போது சொல்வது என்பதும் வேலையில் சேர்த்திதான், இதையும் நினைவில் வையுங்கள்.

உப்பை எடுக்க ஒரே வழி, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவி ஊறவைப்பது. நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? அந்த மாதத்தில் நம் போர் தண்ணீரும் உவர்ப்பாகிவிடும். பெருமுக்கல் மலை அடிவாரத்தில் ஒரு கிணறு இருக்கிறது, தேன் மாதிரி இருக்கும், நான் கொண்டுவருகிறேன் என்று தாமஸ் இரண்டு காலி கேனைக் கட்டிக்கொண்டு அப்போதே கிளம்பிவிட்டார்.

அவர் திரும்பி வருவதற்குள் குச்சிகளைப் பிரித்து மேஜையில் பரப்பினேன், சாக்கைக் காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினேன். காற்றில் காய்ந்ததும் பட்டையின் மேல் வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்துச் செலின் வந்து நின்றார். என்னை மரத்திடம் கூட்டிப்போக வேண்டிய நாள் அல்லவா? மரம் போய்விட்டது, தாமஸ் குச்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டார் என்று சொன்னேன். அவர் ஒரு குச்சியை எடுத்து உருட்டிப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

"பொழைக்குமா மேடம்?"

"சொல்ல முடியாதும்மா. பாக்கலாம்."

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான் மூச்சை விட்டேன்.

தண்ணீர் வந்தது. மாற்றி மாற்றி ஊறவைத்தேன். பிறகுதான் நிஜமான சோதனை. அடிப்பக்கம் பழுப்பேறிப்போன பகுதியை வெட்டி எறிய வேண்டும். எதுவரைக்கும் வெட்டுவது? குறைத்து வெட்டினால் மிச்சமிருக்கிற கேடு மேலே ஏறும். கூட்டி வெட்டினால் வேர் விடும்வரை குச்சி எதைத் தின்று உயிரோடு இருக்கும்? அதன் கட்டுச்சோறு அந்தக் கட்டைக்குள்தானே இருக்கிறது? கத்தியைப் பிடித்தவர் கைதான் முடிவு செய்ய வேண்டும், கேட்பதற்கு ஆள் கிடையாது. நான் ஒரு கணு ஒரு கணுவாக ஏறினேன். வெட்டிய இடத்தில் பால் துளிர்க்காவிட்டால் இன்னும் மேலே. பால் வெள்ளையாகத் துளிர்த்த இடத்தில் நிறுத்தினேன். சாண் நீளக் குச்சிகள் விரல் நீளம் ஆயின. பாதிக்கு மேல் பால் துளிர்க்காமலே தீர்ந்துபோயின. உப்பில் இரண்டு நாள் கிடந்தும், வெட்டியதும் ஒரு துளிப் பாலைக் கொண்டுவந்து நிறுத்திய மற்றக் குச்சிகளை ஒவ்வொன்றாக ஈரத்துணியில் எடுத்து வைத்தேன்.

தேங்காய் நார்த்தூளில் அதற்கே ஒரு உப்பு இருக்கும், அதனால் அதைத் தொடவில்லை. ஆற்று மணலைக் கழுவி எடுத்தேன். ரோட்டோர ஜூஸ் கடையில் தருகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டம்ளர்களை வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, குச்சியை நட்டு, வேருக்கு இருட்டு வேண்டுமே என்று வெளியே கறுப்புக் கவரைச் சுற்றினேன். கவரை விலக்கினால் உள்ளே தெரியும், பிடுங்க வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். நம் கொட்டகையில் டம்ளரில் நடுகிற வழக்கம் அந்த வருஷத்திலிருந்து வந்ததுதான்.

அதன் பிறகு காத்திருப்பு. தாமஸ் காலையில் வேலைக்குப் போகிற வழியில் தண்ணீர்க் கேனோடு வருவார். ஊற்றுவது ஒரு கை அளவு, அவர் கொண்டுவருவதோ ஊருக்கே போதும். அதிகம் ஊற்றினால் அழுகிவிடும் என்று எத்தனையோ தரம் சொன்னேன், கேன் மட்டும் நிற்கவில்லை. செலின் சாயங்காலத்தில் வருவார். தவக்காலம், வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பார். கேனைப் பார்ப்பார், குச்சியைப் பார்ப்பார், போய்விடுவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்துவிடக்கூடாதே என்று நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் காலையில் குச்சிகள் இலை விட்டிருந்தன. பாதிக் குச்சிகளில் சின்னச் சின்னதாய், அணில் காது மாதிரி. தாமஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனுக்குப் போன் போடுகிறேன் என்று செல்லை எடுத்தார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். கவரை விலக்கிக் காட்டினேன். கீழே மணல்தான் இருந்தது, ஒரு நூல் வேர் கிடையாது. குச்சி தன் கட்டுச்சோற்றைச் செலவழித்து விட்ட இலை அது. இலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் பிழைத்துவிட்டது என்று சொல்லிவிடுகிறோம் பாருங்கள், அதுதான் இந்தத் தொழிலில் மனிதர்களை ஏமாற்றுகிற இடம். நான் பயந்தபடியே நடந்தது. இலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின, குச்சிகள் கறுத்தன. ஒவ்வொரு காலையும் ஒன்றிரண்டு டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தேன். தாமஸ் அதை எண்ணாத மாதிரி இருப்பார்.

அதற்குள் மேனேஜருக்கு மேஜை வேண்டியிருந்தது. பெரிய ஆர்டர் ஒன்று வந்திருந்தது, கொட்டகையில் இடம் இல்லை. செத்த குச்சிக்கு மலைத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கீங்களே என்று கேலி வேறு. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. எல்லாம் போய்க் கடைசியாக ஒரே ஒரு குச்சி மிச்சம். அது இலையே விடவில்லை. நட்ட நாளில் எப்படி இருந்ததோ அப்படியே, சுவரில் அடித்த ஆணி மாதிரி நின்றது. அதைத் தூக்கி எறியத்தான் கையில் எடுத்தேன். பழக்க தோஷம், நகத்தால் துளி கீறினேன். உள்ளே பச்சை.

டம்ளரைத் தூக்கிக்கொண்டு போய் ஆபீஸில் என் மேஜை மேல் வைத்தேன். கீறிக் கீறிப் பார்க்கிற ஆசை தினமும் வரும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த வேலையில் பாதித் திறமை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் என்பேன்.

ஈஸ்டர் அன்றைக்கு வேர் விட்டது என்று சொன்னால் கேட்க அழகாக இருக்கும். விடவில்லை. ஈஸ்டர் போய், கோயில் திருவிழாக் கொடி இறக்கி, வெயில் கொளுத்த ஆரம்பித்த பிறகு ஒரு சாதாரண வேலை நாளில் கவரை விலக்கினேன். டம்ளரின் சுவரை ஒட்டி, சேமியா போல ஒரு வெள்ளை வேர். பக்கத்தில் இன்னொன்று. உப்பு தின்ற கட்டை. இரண்டு முறை வெட்டுப்பட்டது. ஊரில் அதன் மரம் இல்லை, நின்ற இடத்தில் கான்கிரீட் போட்டாகிவிட்டது. யாரும் பார்க்காத இருட்டில், ஒரு இலையைக்கூட வீணாக்காமல், வைத்திருந்த எல்லாவற்றையும் கீழே இறக்கியிருக்கிறது. நான் யாருக்கும் உடனே போன் பண்ணவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன் என்பதை உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பிறகு இரண்டு பேருக்கும் சொன்னேன். முதல் தடவையாக இரண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னேன்.

தாமஸ் டம்ளரைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். 

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். அந்தக் குச்சிய எல்லாம் நான் உப்புச் சாக்குல சுத்தி வெச்சிருந்தேன். தெரியாம பண்ணிட்டேன். வேணும்னு பண்ணல."

செலின் வேரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மொத நாளே தெரியும் தம்பி. மேஜை மேல வெள்ளையா பூத்துக் கெடந்துச்சே. உப்பு எனக்குத் தெரியாதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை வாரம் நான் பொத்திப் பொத்தி வைத்த ரகசியம்.

"அப்புறம் ஏன் கேக்கல?" என்றார் தாமஸ்.

"கேட்டிருந்தா நீ மறுபடி தண்ணி எடுத்துட்டு வந்திருப்பியா? மூஞ்சிய தூக்கிட்டுப் போயிருப்ப. உங்க அண்ணனும் அதையே பிடிச்சிக்கிட்டு இருந்திருப்பாரு." அவர் டம்ளரைத் தாமஸ் கையில் கொடுத்தார். "வெளிய வண்டியிலதான் உக்காந்திருக்காரு. நீயே கொண்டுபோய்க் காட்டு."

வேர் வருகிற வரைக்கும் நான் குச்சியைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். இந்த அம்மா அதே நாட்களில், அதே மேஜைக்கு எதிரில் நின்றுகொண்டு, வேறொன்று வேர் பிடிக்கட்டும் என்று வாயைத் திறக்காமல் காத்திருந்திருக்கிறார். நான் பிரமித்துப்போய் நின்றேன், வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

நிழல்வலை வழியாகப் பார்த்தேன். புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார் அண்ணன். இத்தனை வாரமும் செலினைக் கொண்டுவந்து விட்டவர் அவர்தான், ஒரு நாளும் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. தாமஸ் டம்ளரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினார். அவர் வாங்கவில்லை.  பிறகு குனிந்து, கவரை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தார். நிமிர்ந்து தம்பியின் முகத்தைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கடப்பாரை உன் பங்குலதான இருக்குது. எடுத்துட்டு வா. மேட்டு நெலம், மண்ணு கல்லு மாதிரி கெடக்கு. என்னால ஒண்டியா குழி தோண்ட முடியாது."

இதை இப்போது நடக்கூடாது, வேர் இன்னும் முற்ற வேண்டும், பாக்கெட்டுக்கு மாற்றி மழைக்காலம் வரைக்கும் நிழலில் வைத்திருக்க வேண்டும் என்று ஓடிப்போய்ச் சொல்வது என் வேலை. வாசல்வரை போய்விட்டேன். தாமஸ் அதற்குள் டம்ளரை அண்ணன் கையில் வைத்துவிட்டு, கடப்பாரை எடுக்கத் தன் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். நான் திரும்பி உள்ளே வந்துவிட்டேன். குழியை முன்கூட்டியே வெட்டி ஆறப்போட்டு வைப்பது நல்லதுதானே.